வீடே தலைமையிடம்

செப்டம்பர் 17

இன்று முதல் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. புயலில் அந்தக் கட்டடத்துக்குள் யாரும் நுழைய முடியாமல் போனாலும் பேரிடர் பிரிவின் வேலை நிற்கக் கூடாது என்று அரசு ஒரு தொடர்பணித் திட்டம் போட்டிருக்கிறது. அதன்படி நகரத்தின் வெவ்வேறு மூலைகளில் குடியிருக்கும் ஐந்து பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும். நானும் அதில் ஒருத்தி. என்னைக் கேட்கவில்லை. பட்டியலில் பெயர் வந்தது. மழைக்காலம் முடிகிறவரை இதே ஏற்பாடு.

படுக்கையறை ஜன்னலோரம் மேசை போட்டாயிற்று. லேப்டாப், இணையத்துக்கு ஒரு டாங்கிள், அலுவலகத்தின் செல்போன் ஒன்று. என் வேலை வாகன ஒதுக்கீடு. எங்காவது மரம் விழுந்தால், எங்காவது தண்ணீர் சூழ்ந்தால், எந்தப் படகு, எந்த டிராக்டர், எந்த ஜேசிபி போக வேண்டும் என்று பார்த்து அனுப்புவது.

செய்த வேலையை அன்றன்று எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு. அதற்காக இவர் இந்த டைரியை வாங்கி வந்தார். நல்ல அட்டை. தினமும் சாயங்காலம் படித்துப் பார்ப்பதாகச் சொன்னார். அலுவலக விஷயம்தானே, படிக்கட்டும்.

இட்லி. மதியம் வத்தக்குழம்பு. அழைப்புகள் எதுவும் இல்லை.

செப்டம்பர் 19

காலை பத்து மணிக்குக் காணொளியில் வருகைப் பதிவு. எங்கள் தாசில்தார் ஜமால் முகைதீன் சார் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

உத்தரவில் ஒரு வரி இன்று பேச்சாகிவிட்டது. அரசு ஊழியர் வேலை பார்க்கும் ஊருக்குத் தலைமையிடம் என்று பெயர். அனுமதி வாங்காமல் அதை விட்டு வெளியூர் போகக் கூடாது. எல்லா உத்தரவிலும் வழக்கமாக வரும் வரிதான். இந்தத் தடவை ஊர் இருந்த இடத்தில் வீட்டைப் போட்டு டைப் அடித்துவிட்டார்கள். "மேற்படி அலுவலர்களின் இல்லமே அவர்களது தலைமையிடமாகக் கருதப்படும். உரிய அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு நீங்கலாகாது."

பிலோமினா சும்மா இருப்பாளா. என்னைவிட எட்டு வயது சின்னவள், முகாம்கள் அவள் பொறுப்பு.

"சார், பால் பாக்கெட் வாங்க கேட்டைத் தாண்டினா மெமோ குடுப்பீங்களா? இல்ல, மளிகைக் கடைக்குப் போனா பயணப்படி உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். தாசில்தாரும் சிரித்துவிட்டு, "யாரு பாக்கப் போறா, போய்ட்டு வாங்கம்மா" என்றார்.

இவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேமராவில் விழாத இடம். இவர் பெயர் நடனசபாபதி. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வீட்டுக்கே வந்துவிடுவார்கள், அதனால் பகலில் வீட்டில்தான் இருப்பார். அரசு உத்தரவை எங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களைவிட ஊன்றிப் படிப்பார்.

"எழுத்துல இருக்கறதுதாம்மா நிக்கும். சிரிப்பு நிக்காது" என்றார்.

பிற்பகல் கடைவீதிக்குப் போய் அந்த உத்தரவை லேமினேட் போட்டு வந்து ஃப்ரிட்ஜுக்கு மேலே மாட்டினார். இனிமேல் பால், காய்கறி எல்லாம் இவரே வாங்கிவருவார்.

செப்டம்பர் 22

மேற்குப் பக்கம் மின்கம்பம் சாய்ந்ததாக அழைப்பு. மின்வாரியத்துக்குச் சொல்லி, ஒரு ஜேசிபியும் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

வெளி கேட்டுக்கு இவர் புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறார். சாவி இவரிடம் இருக்கிறது.

செப்டம்பர் 23

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இவர் வருத்தப்பட்டார். பூட்டு என்று எழுதினால் படிக்கிறவர்கள் தப்பாக நினைப்பார்களாம். தெருவில் திருட்டு பயம் இருப்பதால் பாதுகாப்புக்காகத் தாழ் போட்டிருக்கிறது. அரசாங்க லேப்டாப் வீட்டில் இருக்கிறது, பொறுப்பு வேண்டுமல்லவா. ஆகவே திருத்தி எழுதுகிறேன்: தாழ்.

இவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. கை நீட்டியதில்லை. இதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

செப்டம்பர் 26

வருகைப் பதிவு முடிந்ததும் பிலோமினா, "அக்கா, யாரைப் பாத்துப் பேசறீங்க? கேமராவைப் பாருங்க. நீங்க என்னமோ சுவத்துல பல்லி போறதப் பாக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

இவர் கட்டிலில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

என் சொந்த செல்போனை இவர் எடுத்து வைத்துக்கொண்டார். அலுவலக போன் ஒன்று இருக்கும்போது இரண்டாவது எதற்கு, கவனம் சிதறும். யார் கூப்பிட்டார்கள் என்று சாயங்காலம் சொல்லிவிடுகிறார். இன்று யாரும் கூப்பிடவில்லை.

துவைத்த துணியைக் காயப்போட மாடிக்குப் போனேன். மாடிக் கதவும் தாழ் போட்டிருந்தது. பாசி பிடித்திருக்கிறது, வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்றார். துணி ஹாலில் காய்கிறது. வீடெல்லாம் ஈரத்துணி வாடை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. இவர் லேப்டாப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஸ்கூட்டருக்கு, மிக்சிக்கு, தையல் மெஷினுக்கு. கேட்டுத் தாழுக்கும். பொரி, கடலை, வாழைப்பழம். கூடத்தில் சாம்பிராணிப் புகை போக ஜன்னலைத் திறந்தேன். தெருவில் ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்திப் பூசணிக்காய் உடைத்தார்கள். உடைத்தவர்களில் ஒருவர் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது. எங்கே பார்த்தது என்று சாயங்காலம் வரை யோசித்தேன். பஸ்ஸில். அலுவலகம் போகும் பஸ்ஸில்.

அக்டோபர் 6

இடது கடைவாய்ப் பல்லில் வலி. டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். தாசில்தாரிடம் பேசி அனுமதி வாங்குவதாக இவர் சொன்னார்.

நாகலிங்கம் ரோட்டில் கழிவுநீர் வழிவதாக அழைப்பு. நகராட்சிக்குத் திருப்பிவிட்டேன்.

அக்டோபர் 7

இவர் தாசில்தாரிடம் பேசினாராம். மழைக்காலம் நெருங்குகிறது, இப்போது அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். "அவர் மேலயும் தப்பில்லம்மா, அவரும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்தானே" என்றார் இவர். கிராம்புத் தைலம் வாங்கிவந்தார். சாதத்தைக் குழைய வடித்து ரசம் ஊற்றிப் பிசைந்து அவரே கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார்.

அக்டோபர் 8

வலி.

அக்டோபர் 9

பிற்பகல் தாசில்தார் போன் செய்தார். அப்போது இவர் ஹாலில் ஒரு பாலிசிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். தாசில்தாரும் நானும் டிராக்டர்களைப் பற்றிப் பேசினோம். வேறு எதுவும் பேசவில்லை.

அக்டோபர் 10

பல்வலி குறைந்துவிட்டது. இனி அனுமதி எதுவும் கேட்க வேண்டாம் என்று இவரிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பீர்க்கங்காய்க் கூட்டு.

அக்டோபர் 14

நேற்று இரவிலிருந்து மழை. ஆற்றங்கரைப் பக்கம் ஒரு குடிசை மேல் முருங்கை மரம் விழுந்து வாசலை மறித்துவிட்டது. உள்ளே ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். அந்தப் பெண்ணே போன் செய்தாள்.

"அக்கா, வாசப்பக்கம் பூரா கிளை. பின்னாடி சுவரு. எந்தப் பக்கமும் போக முடியல."

"பயப்படாதம்மா, வண்டி வருது. கரண்ட் ஒயர் எதுவும் மேல கிடக்கா?"

"இல்லக்கா. புள்ளதான் அழுவுது."

தீயணைப்பு வண்டியை அனுப்பிவிட்டு, வந்து சேரும்வரை போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தேன். குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். இன்னும் வைக்கவில்லையாம். கிளையை அறுக்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு அவள், "வந்துட்டாங்கக்கா, வெளிச்சம் தெரியுது" என்றாள்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் அடுத்த வேலை ஓடவில்லை. இவர் காபி கொண்டுவந்தார். "யாரோ ஒருத்திக்காக நீ ஏன் இவ்வளவு உருகற? வண்டி அனுப்பினா வேலை முடிஞ்சுது" என்றார்.

அக்டோபர் 16

மாத முடிவில் முழு ஒத்திகை. சென்னையிலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்கள். ஐந்து பேரும் ஆளுக்கு மூன்று கற்பனைச் சம்பவங்கள் எழுதித் தர வேண்டும். எந்த வீட்டில் யார் சிக்கியிருக்கிறார், எப்படி மீட்பது, எந்த முகாமில் சேர்ப்பது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிஜமாகவே வண்டியும் ஆட்களும் போய் ஒருவரை மீட்டுக் காட்டுவார்கள். வாகனம் என் பொறுப்பு என்பதால் வீட்டைத் தேர்வு செய்வதும் நான்தான்.

பிலோமினா உடனே ஒன்று எழுதி வாசித்தாள். கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்ட மாமியார், மீட்க விரும்பாத மருமகள், தயங்கி நிற்கும் தீயணைப்பு வீரர்.

"ஏம்மா, சென்னைல இருந்து ஜாயின்ட் டைரக்டர் வர்றாங்க" என்றார் தாசில்தார்.

"அவங்களுக்கும் மாமியார் இருப்பாங்கல்ல சார்."

அக்டோபர் 20

தீபாவளி. இவர் எனக்கு மயில்கழுத்து நிறத்தில் புடவை எடுத்திருந்தார். கேமராவில் நன்றாகத் தெரியும் என்றார். பிள்ளைகள் இல்லாத வீடு, பட்டாசு இல்லை. பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்டது. அதிரசம் பதம் தப்பிவிட்டது.

அக்டோபர் 22

ஒத்திகைக்கு எதிர்வீட்டு ரங்கபாஷ்யம் வீட்டை எழுதலாம் என்று நினைப்பதாக இவரிடம் சொன்னேன். மூன்று மாடி, அகலமான வாசல், பார்வையாளர்களுக்கும் பார்க்க எடுப்பாக இருக்கும்.

இவர் முகம் மாறியது. "ஏன், நம்ம வீட்டுக்கு என்ன கொறச்சல்? கம்பி கட்டறப்ப கூடவே நின்னு கட்டின வீடு. ரங்கபாஷ்யம் வீட்டுல பில்லர் எல்லாம் கண்துடைப்பு."

சென்னைக்காரர்கள் வந்தால் சிரமம், காபி டிபன் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும் என்றேன்.

"வரட்டுமே. அரசாங்கம் நம்ம வீட்டுக்கு வருது, அதைப் போய் சிரமம்னு சொல்லுவாங்களா."

இவர் விருப்பப்படி நம் வீட்டையே எழுதினேன்.

அக்டோபர் 24

சம்பவத்தை எழுதி அனுப்பிவிட்டேன். தெருவில் இடுப்பளவு தண்ணீர். வீட்டில் ஒரு பெண்மணி, அவர் கணவர். படகில் இடம் குறைவு. முதல் நடையில் பெண்மணி, இரண்டாம் நடையில் கணவர். அதுவரை கணவர் மொட்டை மாடியில் நின்று கைகாட்டிக்கொண்டிருக்க வேண்டும். தாசில்தார் ஒப்புதல் கொடுத்துவிட்டார். இவருக்கு வாசித்துக் காட்டினேன். மாடியில் நிற்கும் இடத்தை இன்றே தேய்த்துக் கழுவினார்.

அக்டோபர் 27

மீட்கப்படுகிறவர் அவசரப் பை ஒன்று தயாராக வைத்திருக்க வேண்டும். மாற்றுத் துணி, மருந்து, டார்ச், சான்றிதழ்கள். பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், பணி நியமன ஆணை, ஆதார்.

இவர் பார்த்துவிட்டு, "ஒத்திகைக்கு எதுக்கு ஒரிஜினல்? ஜெராக்ஸ் போதுமே" என்றார்.

சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினேன். அசல் ஆவணங்கள் என்றுதான் இருக்கிறது. நீர் புகாத உறையில் அசல் ஆவணங்கள்.

இரண்டு தடவை படித்தார். பிறகு அவரே சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்து வந்து கொடுத்தார். எழுத்தில் இருப்பதை மீறி அவருக்குப் பழக்கமில்லை.

அக்டோபர் 28

நாளைக்கு வருகிறவர்களுக்கு ரவா கேசரி. முந்திரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாகனங்கள் உறுதி செய்யப்பட்டன.

அக்டோபர் 29, மாலை, புயல் பாதுகாப்பு மையம்

இந்தப் பக்கத்தை இவர் படிக்க மாட்டார். அதனால் விட்டுப்போனதை முதலில் எழுதிவிடுகிறேன். ஒன்பதாம் தேதி தாசில்தார் போன் செய்தபோது நாங்கள் டிராக்டர்களைப் பற்றிப் பேசவில்லை.

"காலைல கேமராவுல பாத்தேன், கன்னம் வீங்கியிருக்கே. டாக்டர்கிட்ட போகலயாம்மா?" என்று கேட்டார்.

"நீங்க அனுமதி தரலைன்னு சொன்னாங்களே சார்."

"நானா? என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே." பிறகு, "உங்களுக்கு உடம்பு முடியல, வீட்லருந்தே வேலை வேணும்னு நீங்க பிரியப்படறதா உங்க வீட்டுக்காரர் வந்து சொன்னதாலதான் உங்க பேரையே சேத்தேன். மாடி இருக்கு, இன்வர்ட்டர் இருக்குன்னு ரொம்ப சொன்னாரு" என்றார்.

ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. பாலிசிக்காரர் கிளம்பிக்கொண்டிருந்தார். "சரிங்க சார், டிராக்டர் நாளைக்கு அனுப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். தாசில்தாருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இனி இன்று நடந்தது.

பதினோரு மணிக்கு டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லர், டிரெய்லர் மேல் படகு. தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஊர்க்காவல் படைக்காரர்கள் படகுக்குள் உட்கார்ந்து துடுப்பைப் பிடித்திருந்தார்கள். எதிர்வீட்டு ரங்கபாஷ்யம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "பாத்து வாங்கப்பா, சுறா இருக்கப் போவுது" என்று யாரோ கத்தினார்கள்.

இவர் வெள்ளைச் சட்டை போட்டு, கேட்டைத் திறந்து வைத்து, சென்னைக்காரர்கள் நால்வருக்கும் கேசரி கொடுத்தார். தூண்களைத் தட்டிக் காட்டினார். ஒரு ஆள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

ஊர்க்காவல் படையில் சிவகாமி என்று ஒரு பெண். எனக்கு உயிர்காப்புச் சட்டையை மாட்டிப் பட்டையை இறுக்கினாள். "மூச்சு முட்டுதா மேடம்?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

நான் படகில் ஏறினதும் இவரும் வந்து டிரெய்லரில் கால் வைத்தார். "நானும் ஏறிக்கறேன். எதுக்கு ரெண்டு தடவை டீசல் செலவு."

"சார், உங்களுக்கு ரெண்டாம் நடை. நீங்க மாடியில நின்னு கை காட்டணும்" என்றாள் சிவகாமி.

இவர் என்னைப் பார்த்தார்.

"சம்பவத்துல அப்படித்தாங்க எழுதியிருக்கு" என்றேன்.

வீடியோக்காரர் கேமராவை இவர் பக்கம் திருப்பினார். இவர் காலை எடுத்துக்கொண்டு மேலே போனார். டிராக்டர் தெருமுனை திரும்பும்போது பார்த்தேன். மொட்டை மாடியில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

புயல் மையம் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. மழைக்காலம் தவிர மற்ற நாளில் பூட்டியே கிடக்கும் கட்டடம். பிலோமினா வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். பெயர், வயது, பாதிப்பு என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டாள். இன்னும் வீக்கம் வடியாத என் கன்னத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "என்னக்கா, இவ்வளவு கனக்குது" என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாள்.

சாப்பாடு முடிந்ததும் சென்னைக்காரர்கள், பார்த்தது போதும், இரண்டாம் நடை தேவையில்லை என்றார்கள். போதும் என்பார்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ ஒத்திகைக்கு நான் வண்டி அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் நடந்ததில்லை.

கடைசிக் கட்டம், மீட்கப்பட்டவரைத் திரும்ப வீட்டில் சேர்ப்பது. டிராக்டர் வாசலில் வந்து நின்றது. அதற்குள் இவரே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். வெயிலில் நின்றதில் முகம் சிவந்திருந்தது. குரல் எப்போதும் போலத்தான்.

"கோமளா, வாம்மா போலாம். காலையிலேருந்து ஒண்ணும் சரியா சாப்பிட்டிருக்க மாட்டே." தாசில்தாரிடம் திரும்பி, "சார், லேப்டாப் ஆன்லயே கெடக்கு. தலைமையிடத்துல ஆள் இல்லாம இருக்கக் கூடாது பாருங்க" என்றார்.

நான் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கால் அதுவாகவே ஸ்கூட்டர் பக்கம் போய்விடும் என்று பயமாக இருந்தது. அப்படிப் பழகியிருக்கிறது.

"சார், நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகலை" என்றேன்.

தாசில்தார் சிரித்தார். "சம்பவம் முடிஞ்சுதும்மா. நல்லா பண்ணினீங்க."

"சம்பவத்தைச் சொல்லலை சார்."

பிறகு சொன்னேன். கேட், மாடிக் கதவு, போன், பல். எல்லாம் நான்கைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்கே இருந்தது.

இவர் கோபப்படவில்லை. "பாருங்க சார், உடம்புக்கு முடியாதவ. என்னைக்காவது நான் கை நீட்டியிருக்கேனா, நீங்களே கேளுங்க."

தாசில்தார் என்னைப் பார்த்தார்.

"இல்ல சார். நீட்டினதில்ல."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர், ஆனால் எதிலும் மாட்டிக்கொள்ள விரும்பாதவர். "இது புருஷன் பொண்டாட்டி விஷயம். நான் இதுல எப்படிம்மா..." என்று ஆரம்பித்தவர், நிறுத்திவிட்டு இவர் பக்கம் திரும்பினார். "பல்லு டாக்டர்கிட்ட போக நான் அனுமதி தரலைன்னு சொன்னீங்களா?"

"ஏதோ ஞாபகத்துல சொல்லியிருப்பேன் சார். உங்களைத் தொந்தரவு பண்ண வேணாமேன்னு..."

"அப்ப என் பேர்ல நீங்க அனுமதி மறுத்திருக்கீங்க."

"அப்படி இல்ல சார்."

"எப்படி இல்ல? இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல என் பேர்ல இன்னொருத்தர் உத்தரவு போட்டது இல்ல. கலெக்டரே கேட்டுட்டுத்தான் போடுவாரு." அவர் காது சிவந்துவிட்டது. அதுவரை நான் சொன்னது எதுவும் அவரை அவ்வளவு தொடவில்லை. இது தொட்டுவிட்டது. எதனால் என்றாலும் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

பிலோமினா பேனாவை மேசையில் வைத்தாள். "சார், வீட்டுக்குத் திரும்பாத ஆள் ஒருத்தர் இருந்தாலும் முகாமை மூடக் கூடாது. ஒத்திகையும் முடிஞ்சதா ஆகாது. முகாம் விதிமுறைல நீங்க எழுதினதுதான்."

"ஆமா" என்றார் தாசில்தார்.

"அப்ப முடிக்காதீங்க."

சென்னைக்காரர்களில் வயதான அம்மா ஒருவர் கை கழுவிவிட்டு வந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் ஒத்திகையில ஒரு பகுதியா?" என்று கேட்டார்.

தாசில்தார் டிராக்டர்காரரைப் போகச் சொன்னார். இவரிடம், "நீங்க கிளம்புங்க சார். லேப்டாப்பை என் ஆள் வந்து வாங்கிப்பான். முகாமுக்குள்ள பதிவு இல்லாதவங்க இருக்கக் கூடாது" என்றார்.

"அது எழுத்துல இருக்கா?" என்று கேட்டார் இவர்.

"இருக்கு" என்றார் தாசில்தார்.

இவர் ஸ்கூட்டரைத் திருப்பினார். சாலைவரை தள்ளிக்கொண்டே போய், அங்கே நின்று ஸ்டார்ட் செய்தார். இரண்டு மூன்று தடவை உதைத்த பிறகுதான் பிடித்தது. அந்தச் சத்தம் தேய்ந்து மறையும் வரை என் கை பாயின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

அக்டோபர் 30

பெண்கள் தங்கும் முகாமில் பெண் ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் பிலோமினா இங்கேயே தங்கினாள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டுக்குப் போயிருக்கிறாள். பத்து மணிக்கு வந்துவிடுவாள். வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி இரண்டின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒன்றில் இடமில்லை. இன்னொன்றில் ஒன்றாம் தேதி சொல்கிறேன் என்றார்கள்.

இவ்வளவு பெரிய கூடத்தில் நான் ஒருத்தி. முந்நூறு பேர் படுக்கிற இடம். நடந்தால் காலடிச் சத்தம் திரும்பி வருகிறது. பயமாகத்தான் இருக்கிறது. மதியம் இவர் வந்து நின்றால் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அவர் கத்தினால் பதில் சொல்லிவிடுவேன். சாப்பிட்டாயா என்று கேட்டால்தான் கஷ்டம்.

ஒன்பது மணிக்கு முகாம் தொலைபேசி அடித்தது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை. காலை நிலவரம் கேட்கிறார்கள்.

"உங்க மாவட்டத்துல ஒரு முகாம் நடக்கறதா காட்டுதே. நேத்தோட ஒத்திகை முடிஞ்சிடுச்சு இல்ல?" இளம் குரல்.

"முடியல சார்."

"தங்கியிருக்கறவங்க எத்தனை பேரு?"

"ஒருத்தர். பெண்."

"ஒருத்தரா? மழையே இல்லையே. எப்ப மூடுவீங்க?"

"வீடு பாத்துக்கிட்டிருக்காங்க சார். கிடைச்சதும் மூடிடலாம்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன்.

"சரி" என்றார். "அதுவரைக்கும் திறந்திருக்குன்னு போட்டுக்கறேன்."